தலையாரி முதல் வாட்ச்மேன் வரை



சென்ற இதழில் செயலாளர் எழுதியிருந்ததைப் படித்திருப்பீர்கள். அடுத்த பொதுக்குழுவுக்கு மூன்று யோசனைகள் வருகின்றன: இரவு ரோந்துக்கு நம்மிலிருந்தே தன்னார்வலர்கள், காவல் நிலையத்தோடு பேச ஒரு தொடர்புக் குழு, கேட்டில் வருவோர் எல்லோரையும் போட்டோ எடுத்து வைக்கும் ஏற்பாடு. லிஃப்ட் வாசலில் விசாரித்தால் பாதிப் பேர் "உடனே செய்யுங்கள்" என்கிறார்கள். மீதிப் பேர் "ரிட்டயர் ஆனவர்களுக்குப் பொழுது போகவில்லை" என்கிறார்கள். நானும் ரிட்டயர் ஆனவன்தான். பொழுது போகாததால்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கை தூக்குவதற்கு முன் ஒரு விஷயம். ஊராரும் அதிகாரமும் சேர்ந்து காவல் பார்ப்பது ஏதோ வெளிநாட்டிலிருந்து நேற்று வந்த யோசனை என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தச் சேலம் நாமக்கல் சமவெளி அதை இருநூறு வருடங்களுக்கு மேலாகப் பலவிதமாகச் செய்து பார்த்திருக்கிறது. சிலமுறை நன்றாக நடந்தது, சிலமுறை களவை விடக் காவலே பெரிய தொல்லையானது. அந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி ஒன்றுதான்: காவல் காக்கிறவரிடம் கணக்குக் கேட்பது யார்?

முதலில் தலையாரி. இன்றைக்கும் நம் பக்கத்து கிராமங்களில் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் இருக்கும் கிராம உதவியாளரைப் பெரியவர்கள் தலையாரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயர் சம்பளப் பட்டியலை விடப் பழையது. தலையாரிக்கு ஊர்தான் படியளந்தது. அறுவடை முடிந்து களத்தில் நெல்லோ சோளமோ குவியும்போது, அவருக்குரிய மேரை முதலிலேயே பிரிந்துவிடும். பதிலுக்கு அவர் பயிரையும் கால்நடையையும் காக்க வேண்டும், எல்லை தாண்டி வருகிற புதுமுகத்தைக் கவனிக்க வேண்டும். களவு போனால் தடம் பார்த்துப் போய்ப் பொருளை மீட்க வேண்டும். தடம் அடுத்த ஊர் எல்லைக்குள் போய்விட்டால் அந்த ஊர்க் காவலிடம் பொறுப்பு மாறும். மீட்க முடியாவிட்டால் நஷ்டத்தைக் காவல்காரர் ஈடுகட்ட வேண்டும் என்பது பல இடங்களில் இருந்த வழக்கம்.

இந்தக் கடைசி ஷரத்தைக் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். நாம் மாதாமாதம் பணம் கட்டும் செக்யூரிட்டி ஏஜென்சி ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா? நான் தேடிப் பார்த்தேன். "எந்த இழப்புக்கும் நிறுவனம் பொறுப்பல்ல" என்று தடித்த எழுத்தில் இருக்கிறது.

ஊர்த் தலையாரிக்கு மேலே வட்டாரக் காவல் இருந்தது. தாரமங்கலம் கெட்டி முதலிகள், சேந்தமங்கலம் நாயக்கர்கள் போன்ற பாளையக்காரர்களின் காலம் அது. தங்கள் எல்லைக்குள் வழிப்பறி நடக்காமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு, அதற்குத் தேசகாவல் என்ற பெயரில் ஊர்களிடம் வரி. மேலே ஒரு வலுவான அரசு இருந்தவரை இது ஓடியது. அரசு தளர்ந்த காலங்களில் காவல் கூலிக்கும் மிரட்டல் பணத்துக்கும் வித்தியாசம் மறைந்துவிட்டது. காவல் கூலி தராத ஊரில் மாடு காணாமல் போகும். பிறகு ஒரு ஆள் வந்து, இவ்வளவு கொடுத்தால் மாடு இருக்குமிடம் தெரியும் என்பார். மதுரைப் பக்கத்தில் இதற்குத் துப்புக்கூலி என்றே பெயர் இருந்தது. மாட்டைக் கொண்டுபோனவரும் துப்புச் சொன்னவரும் ஒருவரேதானா என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் ஏழு வருடம் இந்த மண்ணை அளந்தார்கள். தர்மபுரியில் தங்கியிருந்த மன்றோ, ஊர்க் கணக்கு எப்படி நடக்கிறது, மணியக்காரர் யார், தலையாரி யார் என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

கம்பெனி அரசு அதற்குப் பிறகு செய்தது நேர் எதிரான காரியம். பாளையக்காரர்களின் காவல் உரிமையைப் பறித்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் 1802-ல் வங்காளத்து மாதிரியைப் பார்த்து தாரோகா என்று சம்பள அதிகாரிகளை நியமித்து, ஊர்க் காவலை அவர்கள் கையில் கொடுத்தது. தாரோகாவுக்கு ஊர் தெரியாது, ஊருக்கு அவரைத் தெரியாது. தடம் பார்க்கத் தெரிந்த தலையாரிக்கு மேரை கொடுப்பார் இல்லை. ஏற்பாடு சில வருடங்களிலேயே நொறுங்கியது. 1814-ல் இதைச் சீர்ப்படுத்த மன்றோவே ஒரு கமிஷனின் தலைவராகத் திரும்பி வந்தார். அதன் விளைவாக 1816-ன் 11-வது ரெகுலேஷன் காவலை மறுபடி ஊர் மணியக்காரர் கையிலும் தலையாரி கையிலும் ஒப்படைத்தது.

ஊருக்கே காவலைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, நல்லதுதானே என்று தோன்றும். அந்த ரெகுலேஷனில் உள்ள ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறேன். சில்லறைச் சண்டை, வசவு போன்றவற்றுக்கு மணியக்காரர் ஒருவரைச் சாவடியில் பன்னிரண்டு மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். ஆனால் குற்றம் செய்தவர் 'தாழ்ந்த' சாதிக்காரராக இருந்தால், தொழுக்கட்டையில் காலை மாட்டி ஆறு மணி நேரம் வரை உட்கார வைக்கலாம். சட்டத்திலேயே இப்படி எழுதியிருந்தது. ஊர் என்று நாம் சொல்லும்போது அதில் யார் யார் சேர்த்தி என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது. காவலில் ஊரைப் பங்காளியாக்கிய அந்தச் சட்டம், ஊரில் ஏற்கெனவே கை ஓங்கியிருந்தவரின் கையில் ஒரு பூட்டையும் கொடுத்தது.

இன்னொரு கோளாறும் இருந்தது. வரி வசூலும் காவலும் ஒரே ஆட்களிடம். மணியக்காரருக்கு மேலே தாசில்தார், அவருக்கு மேலே கலெக்டர். கிஸ்தி கட்டாதவனையும் திருடனையும் பிடித்து வைப்பது ஒரே சேவகன். விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்கும் கிட்டி என்ற சித்திரவதை அன்று எல்லோருக்கும் தெரிந்த சொல். 1855-ல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை வந்தபோது கிட்டி என்ற சொல் லண்டன் வரை போனது. அதன் பிறகுதான் 1859-ன் 24-வது சட்டம் வந்தது. வருவாய்த் துறையிலிருந்து பிரிந்த தனி போலீஸ் நம் மாகாணத்துக்கு வந்த கதை இதுதான். இன்று நம் தெரு முனையில் நிற்கும் ரோந்து வண்டிக்குப் பூர்வோத்திரம் தேடினால் அந்த அறிக்கையில் போய் நிற்கும்.

அதன் பிறகும் ஊர்கள் சும்மா இருக்கவில்லை. 1896-ல் திண்டுக்கல், மதுரைப் பக்கத்து விவசாயிகள் காவல் கூலி கொடுக்க மாட்டோம் என்று திரண்டார்கள். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, பொதுப் பணம் சேர்த்து, பழைய காவல்காரர்களை விலக்கினார்கள். ஆங்கில ஃபண்டு மக்கள் வாயில் பண்டு ஆகி, இயக்கத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கூட்டுறவு என்று பார்த்தால் அருமையான ஏற்பாடு: கூட்டம், சந்தா, பொறுப்பாளர். நம் அசோசியேஷனின் தாத்தா என்று கூடச் சொல்லலாம். ஆனால் கூட்டம் பெருத்ததும் கோபம் தப்பு செய்தவர்களை விட்டு ஒரு சமூகத்தின் மேலேயே திரும்பியது. வீடுகள் எரிந்தன. காவல் தொழிலோடு சம்பந்தமே இல்லாத குடும்பங்களும் ஊரை விட்டுப் போனார்கள்.

அந்தக் கோபத்துக்குச் சட்டமே முத்திரை குத்திக் கொடுத்தது பதினைந்து வருடம் கழித்து. வட இந்தியாவில் 1871-ல் வந்திருந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல் திருத்தி எழுதப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பட்டியலில் சேர்ந்த சமூகத்தில் பிறந்தாலே போதும், வயது வந்தவர்கள் கைரேகை பதிய வேண்டும். ஊரை விட்டு வெளியே போனால் சீட்டு வாங்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ மணியக்காரரிடமோ போய் ஆஜராக வேண்டும். நம் மாவட்டத்தில் குறவர் சமூகத்தின் பல பிரிவுகள் இதில் சிக்கின. உப்பும் தானியமும் சுமந்து மேட்டுக்கும் சமவெளிக்கும் வியாபாரம் செய்துவந்த குடும்பங்கள் அவற்றில் உண்டு. ரயில் வந்து அவர்கள் பொதி வியாபாரத்தை விழுங்கிய பிறகு, ஊர் ஊராகத் திரிவதே சந்தேகத்துக்குக் காரணமானது.

இந்த ஏற்பாட்டை நடத்தியது போலீஸ் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஊர் மணியக்காரரும் தலையாரியும் கணக்கு வைத்தார்கள், "புது ஆள் வந்திருக்கிறான்" என்று ஊரார் தகவல் கொடுத்தார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் அது ஒரு முழுமையான மக்கள் போலீஸ் கூட்டு. கூட்டின் மறுபக்கத்தில் இருந்தவருக்கு மட்டும் பேச இடமில்லை.

சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல் ரத்தானது. பல ஊர்களின் பல வருடப் போராட்டம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அப்போது ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் போலீஸ் பொறுப்பில் இருந்தவர் நம்மூர்க்காரர், திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன். சட்டம் போய்விட்டது. ஆனால் தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 'சேலம் மேல்நாடு குறவர்', 'சேலம் உப்புக் குறவர்' என்று நம் ஊர்ப் பெயரைச் சுமந்த பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. இப்போது அது சலுகைக்கான பட்டியல். ஒரு காலத்தில் அதே பெயர்கள் இரவு ஆஜருக்கான பட்டியலில் இருந்தன.

இடையில் ஒரு வித்தியாசமான முயற்சியும் நம் மாவட்டத்தில்தான் நடந்தது. ராஜாஜி முதன்மை அமைச்சரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கைத் தொடங்கியது சேலத்தில். நாமக்கல்லும் திருச்செங்கோடும் அப்போது சேலம் மாவட்டம்தான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-ல் அவர் தொடங்கிய காந்தி ஆசிரமம் ஏற்கெனவே இதற்கு நிலம் உழுது வைத்திருந்தது. 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே 1929-ல் ஒரு பத்திரிகை அங்கிருந்து வந்தது, கல்கி அதில் வேலை பார்த்தார். அன்றைய கலெக்டர் டிக்ஸன் ஒரு ஆங்கிலேயர், ஆனால் ராஜாஜியின் திட்டத்தில் அக்கறையோடு இறங்கினார். கள்ளச் சாராயத்தைப் பிடிக்கும் வேலை கலால் துறையிடமிருந்து போலீஸுக்கு மாறியது. ஊர்களில் குழுக்கள் அமைந்தன. அந்தக் குழுக்கள் செய்ததில் எனக்குப் பிடித்தது உளவு சொன்ன வேலை அல்ல. சாயங்காலத்துக்கு மாற்று ஏற்பாடு செய்ததுதான். பஜனை, விளையாட்டு, டீக்கடை. கள்ளுக்கடைக்குப் போன கால் வேறு எங்காவது போக வேண்டுமே! போருக்கு நடுவில் 1944-ல், ஆலோசகர்கள் ஆட்சியில், மதுவிலக்கு நின்றுபோனது. பிறகு வந்தது, போனது, வந்தது. அந்தக் கதை வேறு. அதைப் பற்றி இந்த இதழில் எழுதினால் அசோசியேஷன் இரண்டாகப் பிளந்துவிடும்.

இனி நம் காலத்துக்கு வருவோம்.

1993-ல் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். இவர் 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூர் குண்டு வெடிப்பில் படுகாயமடைந்து பிழைத்தவர். குற்றப் பின்னணி இல்லாத யாரும் சேரலாம். தகவல் சொல்வது, திருவிழாவில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, ரோந்தில் கூடப் போவது என்று உதவலாம். அடுத்த வருடமே மாநிலம் முழுக்கப் பரவியது. நம் ஊரிலும் மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் விசிலோடு நின்ற இளைஞர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அதைவிட நம் வேலைக்கு உதவுகிற உதாரணம் திருச்சி. சேலம் மாதிரியே திருச்சிக்கும் 1997-ல்தான் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம் வந்தது. 1998 பிப்ரவரியில் கோவை குண்டு வெடிப்பு நடந்து, ஒவ்வொரு ஊரிலும் சமூகங்களுக்கு நடுவே சந்தேகம் கனத்துப் போயிருந்த நேரம். 1999-ல் திருச்சி ஆணையராக வந்த ஜே.கே. திரிபாதி செய்தது, கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். நகரத்தை 50-க்கும் மேற்பட்ட பீட்டுகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பீட்டுக்கும் நான்கு காவலர்கள். அவர்களை அடிக்கடி மாற்றாமல் அங்கேயே வைத்தார். அவ்வளவுதான் அடித்தளம்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். நம் அனுபவத்தில் கான்ஸ்டபிள் என்பவர் யாரோ ஒருவர். இன்று வருபவர் நாளை பந்தோபஸ்துக்குப் போய்விடுவார். நீங்கள் சொன்னதை அவர் எஸ்.ஐ.யிடம் சொல்ல வேண்டும், எஸ்.ஐ. இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டும். திருச்சியில் பீட் காவலருக்கே தன் பகுதியில் சின்னச் சின்ன முடிவுகளை எடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள். தெருவிளக்கு எரியவில்லை, முனையில் கூட்டமாகக் குடிக்கிறார்கள், இரண்டு வீட்டுக்கு நடுவே தண்ணீர்ச் சண்டை என்று எதுவானாலும் முதலில் போக ஒரு முகம் இருந்தது. குடியிருப்புவாசிகளோடு அவர்கள் அடிக்கடி உட்கார்ந்து பேசினார்கள். நிலையத்துக்கு வரத் தயங்குகிறவர்களுக்காகப் பல இடங்களில் புகார்ப் பெட்டி வைத்தார்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. குடும்பத்துக்குள் அடி வாங்கும் பெண்ணும், வட்டிக்காரனுக்குப் பயப்படும் ஆளும் நிலையத்து வாசல் படி ஏறாமலே எழுத முடிந்தது. போலீஸைப் பற்றிய புகாரும் அதே பெட்டியில் விழலாம் என்பதுதான் இதில் முக்கியம்.

மூன்றாவது காரியம் குடிசைப் பகுதிகளைத் தத்தெடுத்தது. எந்தப் பகுதியைச் சந்தேகத்தோடு மட்டும் பார்த்துப் பழகியிருந்தார்களோ, அங்கே போய் வேலைவாய்ப்பு, பள்ளிக்கூடம், சுத்தம் என்று பேசினார்கள். ரேகைச் சட்டத்தின் பார்வைக்கு நேர் எதிரான பார்வை இது. திரிபாதிக்கு இதற்காகப் பிரதமரின் சிறந்த பொது நிர்வாகத்துக்கான விருது கிடைத்தது. ஆனால் அவர் 2001-ல் மாற்றலாகிப் போன பிறகு, அந்த வேகம் இருந்த இடம் தெரியவில்லை. ஒரு அதிகாரியின் உற்சாகத்தில் நிற்கிற திட்டம் அவரோடு பஸ் ஏறிவிடும். அண்டை மாநிலமான கேரளம் இதைக் கவனித்ததோ என்னவோ, 2008-ல் ஜனமைத்ரி என்று தொடங்கியதை 2011-ல் தன் போலீஸ் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்துக்கொண்டது.

இங்கிலாந்திலும் திருச்சிக்கு ஒரு வருடம் முன்புதான், 1998-ல், குற்றம் மற்றும் ஒழுங்கின்மைச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதில் உள்ளாட்சி மன்றமும் போலீஸும் கூட்டாகப் பொறுப்பு. முதல் வேலை என்ன தெரியுமா? தங்கள் பகுதியில் எங்கே, எப்போது, என்ன நடக்கிறது என்று மூன்று வருடத்துக்கு ஒருமுறை கணக்கெடுத்து, அதை மக்கள் முன் வெளியிட்டு, கருத்துக் கேட்டு, பிறகுதான் திட்டம் போட வேண்டும் என்று அன்று வந்த சட்டத்தில் இருந்தது. முதலில் கணக்கு, பிறகு கேமரா. நாம் வழக்கமாகத் தலைகீழாகச் செய்வோம். கேமராவை மாட்டிவிட்டு எதற்கு மாட்டினோம் என்று பார்ப்போம்.

இப்போது இரண்டு கசப்பான சம்பவங்கள். இவற்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது.

2018 மே மாதம் நினைவிருக்கிறதா? குழந்தை கடத்தும் வடநாட்டுக் கும்பல் என்று ஒரு வீடியோவும் ஆடியோவும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. நம் குடும்பக் குழுக்களிலும் வந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வம் கோயிலைத் தேடிக் குடும்பத்தோடு காரில் போன சென்னையைச் சேர்ந்த 65 வயது பெண் ஒருவர், வழியில் நின்ற குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் இறந்தார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம். அடித்தவர்கள் ரவுடிகள் அல்ல. தங்கள் பிள்ளைகளைக் காக்கிறோம் என்று நினைத்த அப்பா அம்மாக்கள். போலீஸ் வரும்வரை பொறுக்காத ஊர்க்காவல் அது.

இரண்டாவது 2020 ஜூன், சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்தது என்று சொல்லி அழைத்துப் போகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். அன்று இரவு நிலையத்தில் சில தன்னார்வலர்களும் இருந்ததாகச் செய்தி வந்தபோது, மாநிலம் முழுக்கக் கோபம் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் மேல் திரும்பியது. அவர்கள் எங்கள் அமைப்பில் பதிவு செய்தவர்களே அல்ல என்று அமைப்பின் தரப்பு மறுத்தது. என்ன இருந்தாலும் ஜூலை மாதம் தமிழக அரசு அந்த அமைப்பையே காவல் நிலையங்களிலிருந்து விலக்கி உத்தரவு போட்டது. 27 வருட முயற்சி ஒரு மாதத்தில் மூடியது. அந்த நேரத்தில் மாநிலத்தின் போலீஸ் டி.ஜி.பி. யார் என்று பாருங்கள்: திருச்சியில் புகார்ப் பெட்டி வைத்த அதே திரிபாதி.

எனக்குத் தோன்றுவது இது. ஊர்க்காவல் படைக்கு 1963-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. சீருடை, பயிற்சி, நியமன உத்தரவு, தப்பு செய்தால் நீக்க ஒரு அதிகாரி. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸில் யார் உறுப்பினர், யார் சும்மா கூட வருகிறவர் என்ற எல்லை நாளாக நாளாக மங்கிப்போனது. லத்தி யார் கையில் இருக்கலாம், யார் கையில் இருக்கக் கூடாது என்று நிலையத்தில் கேட்பார் இல்லை. தன்னார்வலருக்குக் கண்ணும் காதும் போதும் என்று வகுத்த ஏற்பாட்டில் கை நுழைந்துவிட்டால், நல்ல எண்ணத்தோடு வந்த ஆயிரம் பேர் செய்த வேலையும் சேர்ந்து அழிகிறது.

இதையெல்லாம் மனதில் வைத்து நம் மூன்று யோசனைகளைப் பாருங்கள்.

ரோந்து: நம் ஆட்கள் இரவு பதினொரு மணிக்கு பார்க்கிங்கில் ஒரு சுற்று வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான், நடைப்பயிற்சியும் ஆயிற்று. ஆனால் யாரையும் நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்லவோ, பிடித்து வைக்கவோ, கை நீட்டவோ கூடாது என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும். சந்தேகம் என்றால் 100 அல்லது 112-க்குப் போன், அத்தோடு சரி. போன வருடம் டெலிவரி கொண்டுவந்த ஒரு பையனை "உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறேன்" என்று இருபது நிமிஷம் கேட்டில் நிறுத்தியதை உங்களில் சிலர் பார்த்தீர்கள். அவன் எங்கும் எதுவும் செய்தவனில்லை. நெற்றியில் எழுதிவைத்துச் சட்டம் போட்ட காலம் போனாலும் அந்தப் பார்வை போகவில்லை.

போட்டோ: வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், பால்காரர், இஸ்திரிக்காரர் ஆகியோரின் படமும் ஆதார் நகலும் கேட்கிறோம். சரி. அவை யாரிடம் இருக்கும், எத்தனை நாள் இருக்கும், வேலையை விட்டவர் படத்தை யார் அழிப்பது? "இவரைக் கவனியுங்கள்" என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் யார் படத்தையும் போடுவதில்லை என்று ஒரு விதி வேண்டும். நான் கேட்டபோது ஒரு நண்பர், "நமக்கு அதே விதி உண்டா? நம் வீட்டுக்கு வரும் மச்சானையும் போட்டோ எடுப்பீர்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. மச்சானை எடுக்காவிட்டால் இஸ்திரிக்காரரையும் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

தொடர்புக் குழு: இதற்குத்தான் நான் முதலில் கை தூக்குவேன். ஆனால் குழு என்றால் பிளாக்குக்கு ஒருவர் என்று ஐந்து ஓய்வுபெற்ற ஆண்கள் மட்டும் உட்காரக் கூடாது. பெண்கள் வேண்டும், வாடகைக்கு இருப்பவர் வேண்டும், நம் வாட்ச்மேன்களில் ஒருவர் வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவருக்குத்தான் தெரியும், எந்தச் சுவர் ஏறக்கூடியது, எந்த விளக்கு மூன்று மாதமாக எரியவில்லை என்று. அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. குழுவின் முதல் வேலையாகச் சென்ற இரண்டு வருடங்களில் நம் வளாகத்தில் காணாமல் போனவை, நடந்த சண்டைகள், கொடுத்த புகார்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். சைக்கிள்தான் அதிகம் போயிருக்கும் என்று என் ஊகம். அப்படியானால் நமக்குத் தேவை பன்னிரண்டு கேமராவா, நல்ல சைக்கிள் ஸ்டாண்டா என்று அப்போது பேசலாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இரவு ரோந்து வரும் காவலர் கையெழுத்துப் போட்டு நேரம் குறிக்கிற பட்டா புத்தகத்தை வங்கி வாசல்களிலும் ஏ.டி.எம்.களிலும் பார்த்திருப்பீர்கள். இப்போது பல இடங்களில் அது க்யூஆர் கோடாக மாறி வருகிறது. போலீஸ் நம்மிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற அபூர்வமான புத்தகம் அது. நம் கேட்டில் அது இல்லை. நிலையத்தில் மனுக் கொடுத்துக் கேட்கலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். கிடைத்தால், நம் ரோந்துக் குழுவும் அதற்குப் பக்கத்திலேயே ஒரு நோட்டு வைத்து, எத்தனை மணிக்கு யார் யார் சுற்றினார்கள், யாரிடம் என்ன பேசினார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டையும் வாட்ச்மேன் மேஜை மேல் திறந்தபடியே வைப்போம். போகிற வருகிற யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.